முள்ளுக்கு முதுகு காட்டி

மலாக்காவில், காஜா பேராங் பக்கம் பொன்னுதுரையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லாருக்கும் அவன் சுத்துதுரை. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிற மனுஷனுக்கு இதைவிடக் கேவலமான பட்டப்பேர் வேறென்ன வேண்டும்? ஆனால் பேர் வைத்தவன் மேல் பழி சொல்லவும் முடியாது. புக்கிட் பாருவில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போகணும் என்று வலியோடு ஏறின பிள்ளைத்தாய்ச்சியைத் தெங்கேராக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? பிள்ளை வண்டியிலேயே நல்லபடியாகப் பிறந்தது. "கடல்காத்து பிள்ளைக்கு நல்லதுதானேம்மா" என்று வேறு சொல்லியிருக்கிறான், திமிர் பிடித்தவன்.

ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல விடமாட்டான். கறுப்பு ஆஸ்டின் கார், தினமும் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருப்பான். கியர் மாற்றினால் சத்தம் கேட்காது, பிரேக் போட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் கையிலுள்ள காப்பி தளும்பாது. எங்கே போகிறது என்பது ஒன்றுதான் தகராறு. இறங்கி யாரையாவது கேட்டுத் தொலைக்கலாம் அல்லவா? மாட்டான். கார் வைத்திருக்கிறவன் நடந்து போகிறவனிடம் வழி கேட்டால் மானம் போய்விடுமாம்.

இதில் கட்டைக் கணக்கு வேறு அவன் உயிரை வாங்கியது. மலாக்கா டவுனிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு ரோட்டிலும் மைலுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதை நம் ஆட்கள் கட்டை என்பார்கள். எங்கே இருக்கீங்க என்று கேட்டால் மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்றுதான் பதில் வரும். ரோட்டுக்கு ரோடு ஒரு ஆறாங்கட்டை உண்டு. எந்த ரோட்டு ஆறாங்கட்டை என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை, எல்லாருக்கும் தானாகவே புரிந்துவிடும். பொன்னுதுரைக்கு மட்டும் புரியாது. அது புரியாமல்தான் அவன் தன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டான்.

பாக்கியலட்சுமியின் வீடு புக்கிட் பாரு ரோட்டில் ஆறாங்கட்டை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரை ஓட்ட வேண்டியவனுக்குக் காய்ச்சல் வந்துவிட, "நானே ஓட்டிக்கிறேன்" என்று மாலையும் கழுத்துமாகக் கிளம்பினான் பொன்னுதுரை. உறவுக்காரர்கள் எல்லாம் லாரியில் முன்னாலேயே போய்விட்டார்கள். இவன் நேராகத் தெங்கேரா ரோட்டு ஆறாங்கட்டைக்குப் போய் நின்றான். முகூர்த்தம் தாண்டியது. கூறைச்சேலையோடு உள்ளே உட்கார்ந்திருந்த பாக்கியலட்சுமியின் காதில் யாரோ ஒரு புண்ணியவான் வந்து ஓதினான்: "மாப்பிள்ளை தெங்கேராப் பக்கம் காரை நிறுத்திட்டு, கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறாராம்." அவ்வளவுதான். அடுத்த முகூர்த்தத்துக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து தாலி கட்டினவன், "வழி தப்பிருச்சு" என்றான். பந்தலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறந்ததிலிருந்து இதே ஊரில் கிடக்கிறவன் கல்யாணத்தன்று வழி தப்புவானா? மனசு மாறி ஓடப் பார்த்திருக்கிறான், கடல் குறுக்கே வந்ததால் திரும்பி வந்திருக்கிறான். அவள் முடிவுகட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவன் ஊரைச் சுற்றுகிற கதை எத்தனை வந்தாலும், "வாடகை ஏத்தச் சுத்துறாரு, பாக்கத்தான் அப்பாவி" என்று ஒதுக்கிவிடுவாள். அவன் காரில் அவள் ஏறினதே இல்லை. எங்கே போனாலும் பஸ்தான். சண்டை என்று வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவுதான் வைத்திருந்தாள்: "கடலைப் பாத்துக்கிட்டு நின்னவருதானே நீங்க!" அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் பொன்னுதுரை துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுவான்.

இப்படி இருக்கும்போது அவள் தங்கை விஜயாவுக்குக் கல்யாணம் கூடியது. நாட்டுக்குச் சுதந்திரம் வருகிற ஆவணி மாசத்திலேயே தேதி. மாப்பிள்ளை ஜெயபாலன், அலோர் காஜாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. கல்யாணம் காஜா பேராங் கோயிலில். பெண்ணின் அக்காளும் அவள் புருஷனும் தாம்பூலத் தட்டோடு போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும், அதுதான் முறை. பாக்கியலட்சுமி புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தா பாருங்க. நான் உக்காந்த மாதிரி என் தங்கச்சி உக்காரக் கூடாது. மாப்பிள்ளை மட்டும் முகூர்த்தத்துக்கு வந்து சேரலை, கோயில்ல இருந்து நேரா எங்க அப்பா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். பொன்னுதுரை அன்றைக்கே டவுனில் ஆற்றோரமாகப் பழைய சாமான் கடை வைத்திருக்கிற நாகூர் மீரானிடம் ஓடினான். சண்டைக்காலத்தில் மிச்சம் விழுந்தது, கப்பல்காரன் விற்றது, யாருடையது என்றே தெரியாதது, எல்லாம் அங்கே கிடைக்கும். அவரை ஊரே நானா, அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

"நானா, கார்ல வச்சுக்கிட்டு வழி பாக்குற மாதிரி ஏதாச்சும் சாமான் இருக்கா?"

"கண்ணு இருக்கே தம்பி, அது போதாதா?" என்று சிரித்தார் நாகூர் மீரான். பொன்னுதுரையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மூன்று சாமானை எடுத்து மேசையில் பரப்பினார்.

முதலில் ரோட்டு மேப். விரித்தால் காருக்குள் இடம் போதாது, மடித்தால் பழைய மடிப்புக்கு வராது. தோட்டத்துக்கெல்லாம் வெள்ளைக்காரன் கம்பெனிப் பேர் போட்டிருந்தது. நம் ஆட்கள் சொல்கிற பேர் ஒன்றுகூட இல்லை. பொன்னுதுரை அதை உற்று உற்றுப் பார்த்தான்.

"ஏன் நானா, கடல் மேல இருக்கு?"

"நீங்க தலைகீழாப் புடிச்சிருக்கீங்க தம்பி." நாகூர் மீரான் அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார். இந்த ஆளுக்கு மேப்பை விற்றால் பாவம் தனக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது, மூடி போட்ட சின்ன திசைகாட்டி. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். "ஜப்பான்காரன் வச்சிருந்தது. இதை வச்சுத்தான் வழி கண்டுபுடிச்சு மலாயாவுக்குள்ள வந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தோத்துப் போனான்."

"தோத்தவன் சாமான் வேணாம் நானா. கல்யாண காரியம்."

மூன்றாவது, பித்தளைப் பெட்டியில் கண்ணாடி போட்டு, உள்ளே கறுப்பு முள் ஆடிக்கொண்டிருந்த பெரிய திசைகாட்டி. சரக்கு ஏற்றுகிற ஒரு தொங்காங் படகில் இருந்ததாம். கடலைத் தாண்டி சுமத்ராவுக்கு எத்தனையோ தடவை போய்வந்த சாமானாம். பொன்னுதுரைக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ரோடே இல்லாத இடத்தில் வழி காட்டினது, ரோடு போட்ட இடத்தில் காட்டாதா?

"இது வடக்கத்தான் காட்டும்," என்றார் நாகூர் மீரான். "மத்ததெல்லாம் உங்களுக்கு ஏறாது, ஒண்ணே ஒண்ணு வச்சுக்குங்க. அலோர் காஜாப் பக்கம் இருந்து வீட்டுக்கு வரணுமா? முள்ளு எங்க பாக்குதோ அதுக்கு முதுகைக் காட்டி ஓட்டுங்க. மலாக்கா வந்துரும். மலாக்கா வரலைன்னா கடல் வந்துரும். அங்கன நின்னு யாரையாச்சும் கேளுங்க."

கடல் என்றதும் பொன்னுதுரைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

காருக்குள் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு முருகன் வேல் நட்டு வைத்திருந்தான். அதன் காலடியில் திசைகாட்டியைத் திருகி முடுக்கினான். வண்டியைக் கிளப்பினால், முள் வேல் பக்கமே பார்த்தது. சரி, வடக்கு அந்தப் பக்கம் போல என்று திரும்பினான். அப்போதும் வேலைத்தான் பார்த்தது. சந்தில் திருப்பினான், சுற்றி வந்தான், ரிவர்ஸ் எடுத்தான். முள் முருகனை விட்டு அசையவில்லை. பொன்னுதுரைக்குப் புல்லரித்தது. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போக ஏறின ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, காரை விட்டு இறங்காமலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! கப்பல் சாமானே முருகனைக் கும்பிடுகிறது என்று ஊர் பூராவும் பேச்சு. காருக்கு மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஒருத்தர் உள்ளேயே சூடம் கொளுத்தி சீட்டுத் துணியைப் பொசுக்கினார். எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம், சுத்துதுரை என்ற பேர் போய் வேல்துரை ஆகிவிட்டது. வழி தப்பிச் சுற்றினால்கூட இப்போது யாரும் திட்டுவதில்லை. "அந்தப் பக்கம் இழுக்குறான் முருகன், ஏதோ காரணம் இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். போகிற இடம் போகாவிட்டாலும் போகிற வழிக்குப் புண்ணியம் என்று ஆகிவிட்டது.

இதில் மண்ணைப் போட்டவன் கருணாகரன். காஜா பேராங் செட்டி வீட்டுப் பிள்ளை, அந்தக் காலத்திலேயே இங்கே வந்து மலாய் பேசிப் பழகின குடும்பம், கார் பட்டறை வைத்திருப்பவன். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது, மலாய்தான். உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து அந்த முருகன் வேலைச் செய்துகொடுத்தவனே அவன்தான். காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"பெசி லா, துரை! ஜாரும் சுகா பெசி!"

இரும்பப்பா, முள்ளுக்கு இரும்பு பிடிக்கும் என்கிறான். சொன்னதோடு விடாமல், வேலைப் பிடுங்கித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். முள் ஆடி அசைந்து வடக்கே போய் நின்றது. பொன்னுதுரை பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான்.

"ஜாங்ஙான் சக்காப்! யார்கிட்டயும் சொல்லாதே!"

கருணாகரன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காரைக் கண்ட இடத்திலெல்லாம் "பெசி!" என்று கத்துவதை மட்டும் விடவில்லை. பொன்னுதுரை தனியாகப் போகும்போது வேலை ஒரு துணியில் சுற்றிப் பின்னால் பெட்டிக்குள் போட்டுவிடுவான். அப்படி ஓட்டும்போது வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நேராக வீடு வந்து சேர்ந்தான். ஆள் ஏறினால் வேல் முன்னால் வந்துவிடும். வழி வேணுமா, பேர் வேணுமா என்றால் அவன் பேரைத்தான் எடுத்துக்கொண்டான். சுத்துதுரை என்று கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன காது அது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் நல்ல மழை. மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கொண்டாடி முடித்த வாரம், சந்திக்குச் சந்தி கட்டின வளைவுகளெல்லாம் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் கணேசமூர்த்தி முந்தின நாளே காஜா பேராங்குக்கு வந்து தங்கியிருந்தார். முருகன் கார் இல்லாவிட்டால் மாப்பிள்ளை ஏறமாட்டான் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். முன் சீட்டில் உட்கார்ந்து, கைகூப்பினபடியே மெயின் ரோட்டில் வழி சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் தட்டோடு பாக்கியலட்சுமி. முகத்தைப் பார்த்தால் ஜெயிலுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஜெயபாலனுக்கு மாலை போட்டுப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். அவன் சொந்தக்காரர்கள் விடியும்போதே தோட்டத்து லாரியில் புறப்பட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பார்த்தால், காலையில் தாண்டிப் போன மரப்பாலம் தண்ணீருக்குள் போயிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற காவல்காரன், வேறொரு தோட்டத்துக்குள் போகிற செம்மண் ரோட்டைக் கைகாட்டிவிட்டுக் குடையோடு போய்விட்டான். "மாமா, உங்களுக்கு இந்த ரோடு தெரியுமா?" என்று கேட்டான் பொன்னுதுரை.

"எனக்கு பஸ் போற ரோடுதான் தெரியும் தம்பி. உங்களுக்கென்ன கவலை, முருகன் இருக்கான்!"

இந்தப் பக்கமும் ரப்பர் மரம், அந்தப் பக்கமும் ரப்பர் மரம். வெயிலும் இல்லை, ஆளும் இல்லை. ரோடு ரெண்டாகப் பிரிந்த இடத்தில் தோட்டத்து ஆட்கள் தென்னை ஓலையில் ஒரு மெர்டேக்கா வளைவு கட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புக் காகிதம் கிழிந்து தொங்கியது. பொன்னுதுரை இடது பக்கம் எடுத்தான். நீளமாகப் போய், வளைந்து, மறுபடி ஒரு வளைவு வந்தது.

"இந்தத் தோட்டத்துல நெறைய வளைவு கட்டியிருக்காங்க," என்றான்.

பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் கிழிந்து தொங்குகிற அதே சிவப்புக் காகிதம். பொன்னுதுரை இப்போது வலது பக்கம் எடுத்தான். வெகு நேரம் போனான். மறுபடியும் சிவப்புக் காகிதம் வந்தது.

"ஆகா, இன்னொண்ணு!" என்றான் பொன்னுதுரை.

திட்டுவதற்குத் திறந்த வாயை அவள் அப்படியே வைத்திருந்தாள். முன்னால் தொங்கின கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. மழைக்குளிரிலும் வேர்த்து ஊற்றியது. இங்கே ஏமாற்ற யாரும் இல்லை, ஏத்துவதற்கு வாடகையும் இல்லை. இந்த ஆள் நடிக்கவில்லை. முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க, சத்தமே கேட்காத அவன் கியர் கரகரவென்று அரைத்தது. அவள் பக்கத்தில் ஜெயபாலன் நொடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணி ஆவுது சகலை. இது வேற தோட்டம், எனக்கும் இங்க வழி தெரியாது," என்றான் மெதுவாக.

பொன்னுதுரை காரை நிறுத்தினான். கையை நீட்டி வேலைப் பிடித்தான். கணேசமூர்த்தி பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி! என்ன பண்றீங்க? சாமியைப் புடுங்குறீங்க?"

"விடுங்க மாமா. இதுல அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது இரும்பு. லாரி ஸ்பிரிங்கு. கருணாகரன் அடிச்சுக் கொடுத்தது. முள்ளுக்கு இரும்பு புடிக்கும், அவ்வளவுதான். எனக்கு முன்னாடியே தெரியும். பேருக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." பிரிந்து கிடந்த ரெண்டு ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு வழி தெரியல மாமா. எனக்கு எந்தக் காலத்துலயும் வழி தெரிஞ்சதில்ல. எந்தப் பக்கமா வந்தோம்னுகூட இப்ப தெரியல."

"சுத்தப் பேத்தலு! மழையில ஆளுக்குப் பித்தம் ஏறிப்போச்சு," என்று கணேசமூர்த்தி பிடியை விடவே இல்லை.

பின்னாலிருந்து ஒரு வளையல் கை வந்தது. பாக்கியலட்சுமி ரெண்டு ஆம்பிளைகளின் கைக்கும் நடுவே புகுந்து வேலைச் சடக்கென்று பிடுங்கினாள். கண்ணாடியை இறக்கி, கையை மழைக்குள் நீட்டி வெளியே பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு நெசமாவே வழி தெரியலைங்க," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் என்னவோ போல் இருந்தது. "என்னங்க, முள்ளப் பாருங்க."

முள் ஆடியது. இப்படியும் அப்படியும் சுற்றி, கடைசியில் வலது பக்க ரோட்டைப் பார்த்து நின்றது. முள்ளுக்கு முதுகு காட்டணும். பொன்னுதுரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்து, காரை ஒடித்துத் திருப்பி, ரெண்டு தடவையும் தன் கண்ணில் படாமல் வளைவுக்குப் பின்னால் கிடந்த மூன்றாவது ரோட்டில் விட்டான். ரோடு வளையும்போதெல்லாம் முள்ளைப் பார்த்தான். முள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வழியாகப் பார்த்துப் பார்த்து எடுத்தான். ரப்பர் மரம் குறைந்தது, மலாய்க்காரக் கம்பத்து வீடுகள் வந்தன, தார் ரோடு வந்தது. கணேசமூர்த்தி தலையில் கைவைத்தபடி வந்தார். தார் ரோட்டில் நின்ற சில தமிழாட்கள், ஜன்னலுக்கு வெளியே வேல் நீட்டிக்கொண்டு கார் பறப்பதைப் பார்த்து, மழையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். அதைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருந்தது. பாக்கியலட்சுமியின் கையிலிருந்த வேலைக் கண்டு கூட்டம் "அரோகரா!" என்றது. பொன்னுதுரை இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அது வெறும் இரும்புங்க" என்று ஆரம்பித்தான். கணேசமூர்த்தி அவனை ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"காட்டுக்குள்ள வழி தெரியாம நின்னோம்! முருகன் உள்ள உக்காந்திருக்கப் பொறுக்காம, காரை விட்டு வெளியே வந்து, கூடவே வந்து வழி காட்டிட்டான்யா!"

அப்புறம் பொன்னுதுரை தொண்டை கிழியக் கத்தினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? கருணாகரன் ஒருத்தன் மட்டும் தூணோரம் நின்று "பெசி" என்று முணுமுணுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான், சிரிப்பு தாங்காமல்.

விஜயாவுக்கு ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டி வரவில்லை. மேளம் கொட்டியது, ஜெயபாலன் தாலி கட்டினான். அட்சதை போட்ட கையோடு பாக்கியலட்சுமி புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். சேலை ஒரு பக்கம் பூராவும் நனைந்திருந்தது. கண்ணும் நனைந்திருந்தது. தங்கச்சி கல்யாணம், அழத்தானே செய்வாள் என்று நினைத்தான் அவன்.

"அன்னைக்கு," என்றாள், அவனைப் பார்க்காமலே. "தெங்கேராவுல கடலைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே. அப்ப என்ன நெனைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

இத்தனை வருஷத்தில் அவள் அதைத் திட்டாகச் சொல்லியிருக்கிறாளே தவிர, கேள்வியாகக் கேட்டதில்லை.

"ஆறாங்கட்டைன்னு சொன்னாங்களே, பந்தலைக் காணோமேன்னு தேடினேன். அதுக்கு அந்தப் பக்கம் கடல்தான் இருந்துச்சு. யாரைக் கேக்குறதுன்னு தெரியல. மாலையோட நின்னு அழுதேன்."

பாக்கியலட்சுமி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவன் காரைக் கிளப்பினான். அவள் வழக்கம்போல நடந்து போய்விடுவாள் என்று நினைத்தான். வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. முன் கதவு திறந்தது. வேலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முள் திரும்பி அவளைப் பார்த்தது.

"மெதுவாப் போங்க," என்றாள் பாக்கியலட்சுமி. "சுத்தியே போங்க."

பொன்னுதுரை சுற்றினான். மழை விட்டிருந்தது. கார் தெங்கேராவில், கடலோரமாய்ப் போய் நின்றது. வேணும் என்று போனானா, வழி தப்பிப் போனானா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.